தல்மூத் படிக்கத் தொடங்குகிறீர்களா? ஒரே ஒரு பத்தி போதும்

யூதர்களின் சட்ட விவாத நூலான பாபிலோன் தல்மூத்தில் 2711 தாள்கள். தினம் ஒரு தாள் படித்தாலே முடிக்க ஏழரை ஆண்டு ஆகும். மலைக்க வேண்டாம், முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். யூதர்கள் ஜெபத்துக்கு ஏன் இத்தனை சட்டம் வைத்திருக்கிறார்கள் என்பது அதிலேயே பிடிபடத் தொடங்கும்.

1. முதலில் பைபிளில் உபாகமம் 6:4-9 படியுங்கள். ‘இஸ்ரவேலே, கேள்’ என்று தொடங்கும் இதுதான் ஷெமா என்ற ஜெபத்தின் முதல் பகுதி. காலையிலும் இரவிலும் சொல்வது. ‘படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்’ என்பதைத் தாண்டி நேரம் எதுவும் அதில் இல்லை.

2. அப்புறம் செஃபாரியா இணையதளத்தில் தல்மூத்தின் முதல் பகுதியான பெராகோத்தைத் திறவுங்கள். இலவசம்தான், ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. தாள் எண் 2-இல்தான் தொடங்கும், குழம்ப வேண்டாம். மேலே இருப்பது மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலின் வரிகள், கி.பி. 200 வாக்கில் தொகுத்தது. அதன் மேல் நடக்கும் விவாதம் கெமாரா.

3. மிஷ்னாவின் கேள்வி: மாலை ஷெமாவை எப்போதிலிருந்து சொல்லலாம்? எப்போது வரை? யார் என்ன சொல்கிறார் என்று தாளில் எழுதுங்கள். ரபி எலியேசர்: இரவின் முதல் சாமம் முடியும் வரை. அறிஞர்கள்: நள்ளிரவு வரை. ரப்பான் கமலியேல்: விடியும் வரை.

4. அடுத்த வரியில் நிதானியுங்கள். கமலியேலின் பிள்ளைகள் விருந்து முடிந்து தாமதமாக வந்து, “ஷெமா சொல்லவில்லை” என்கிறார்கள். “விடியவில்லை என்றால் சொல்லியே ஆக வேண்டும்” என்கிறார் அப்பா. மற்ற அறிஞர்களுக்கும் உண்மையான கெடு விடியல்தானாம். அப்படியானால் நள்ளிரவு எதற்கு? மனிதன் தவறிவிடாமல் இருக்க.

5. எப்படித் தவறுவான்? தாள் 4-இன் பின்பக்கம் பாருங்கள். வயலிலிருந்து வருகிறவன், ‘கொஞ்சம் சாப்பிட்டு, கொஞ்சம் குடித்து, கொஞ்சம் தூங்கிவிட்டு அப்புறம் சொல்கிறேன்’ என்பான். இரவு முழுக்கத் தூங்கிப்போவான். வறட்டு விதியாகத் தெரிந்த நள்ளிரவுக்குப் பின்னால் இருப்பது இந்தக் களைத்த ஆள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

6. முடிந்தால் இன்னொருவரோடு சத்தமாகப் படித்து வாதாடுங்கள். யூதர்கள் அதை ஹவ்ரூதா என்பார்கள். தனியாகப் படித்தால் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரை துணை. அச்சுப் பக்கத்தில் மூலத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும்.

இது பழகியதும் தாள் 9-இன் பின்பக்கத்துக்குப் போங்கள். காலை ஷெமா எப்போது? நீலத்தையும் வெள்ளையையும் பிரித்தறிய முடிகிறபோது என்கிறது மிஷ்னா. கெமாராவில் வேறொருவர், தெரிந்தவரை நான்கு முழ தூரத்தில் அடையாளம் காண முடிகிறபோது என்கிறார். இரண்டும் ஒரே நேரம்தானா என்று நீங்களே வாதாடிப் பாருங்கள்.