சிறிய யூதக் குடும்ப அறக்கட்டளையிடம் நிதி கேட்கும் முன்

அமெரிக்காவில் யூதப் பள்ளிகள், ஜெப ஆலயங்கள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றுக்கு உதவும் சிறிய குடும்ப அறக்கட்டளைகள் பலவற்றுக்கு இணையதளமோ ஊழியர்களோ கிடையாது. ஆயினும், தனியார் அறக்கட்டளை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் 990-பி.எஃப். படிவம் பொது ஆவணம் என்பதால், அறங்காவலர்கள் யார், எந்த அமைப்புக்கு எவ்வளவு தந்தார்கள் என்பதைப் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது அப்படிவத்தில் டிக் செய்வதற்கான ஒரு சிறு கட்டம்: தாங்களே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே நிதி என்று அதில் குறித்திருந்தால், அறிமுகமின்றி அனுப்பும் விண்ணப்பம் பெரும்பாலும் வீண்தான். அப்போது உங்கள் நிர்வாகக் குழுவிலோ, ஏற்கெனவே அங்கு நிதி பெற்ற அமைப்பிலோ அறங்காவலரை அறிந்தவர் உண்டா என்று விசாரிப்பதே வழி. கட்டம் குறிக்கப்படவில்லையெனில், விண்ணப்ப முறையும் கடைசி நாளும் பெரும்பாலும் அப்படிவத்திலேயே இருக்கும். வழக்கமாக 5,000 டாலர் தருபவரிடம் 50,000 டாலர் கேட்க வேண்டாம். மூன்றாண்டுப் படிவங்களை ஒப்பிட்டுத் தொகையை முடிவு செய்து, ஒரு பக்கக் கடிதமாக எழுதுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் ஆகிய திருநாள்கள் அடுத்தடுத்து வருவதால், அந்நாள்களிலும் வெள்ளி மாலை தொடங்கும் சபாத் என்ற வாராந்திர ஓய்வு நாளிலும் தொலைபேசியில் அழைப்பதைத் தவிர்க்க வேண்டும்.