டபுள் பாஸ் தனியாக வாசிக்கும்போது பேசாதீர்கள்: நியூயார்க் ஜாஸ் கிளப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கில் ஜாஸ் கேட்கப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் இரண்டு வகை. கச்சேரி அரங்கு என்று நினைத்துப் போகிறவர்கள் ஒரு வகை. பின்னணியில் இசை ஒலிக்கும் ஹோட்டல் என்று நினைத்துப் போகிறவர்கள் இன்னொரு வகை. ஜாஸ் கிளப் இரண்டும் இல்லை. நூறு பேர் முட்டிக்கு முட்டி இடிக்க உட்காரும் அறை அது. வாசிப்பவர் பாதி இசையை அந்த நிமிடத்தில்தான் உண்டாக்குகிறார். நீங்கள் எழுப்புகிற சத்தமும் அவர் காதில் விழுகிறது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருகிறவை. மீதி, விலைப்பட்டியலையும் நிகழ்ச்சிப்பட்டியலையும் சரியாகப் படிக்காததால் வருகிறவை.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். ஒரு கிளப்பின் அறிவிப்பில் '8 மணி, 10 மணி' என்று போட்டிருந்தால் எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை நடக்கும் என்று அர்த்தம் இல்லை. அவை இரண்டு தனி நிகழ்ச்சிகள், 'செட்' என்பார்கள். பெரும்பாலான இடங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். ஒரு செட் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஓடும். பிறகு அறையைக் காலி செய்து அடுத்த கூட்டத்தை உள்ளே விடுவார்கள். 'முக்கால் மணி தாமதமானால் என்ன, முக்கியமானது கடைசியில்தானே வரும்' என்று போகிறவர் பாதியைத் தவறவிட்டிருப்பார். பல கிளப்புகளில் டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. முதலில் வருபவருக்கு முன் இடம். கதவு திறக்கும் நேரத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டில் எது என்று கேட்டால், வாரநாளில் இரண்டாவது செட் என்பேன். கூட்டம் குறைவு, வாசிப்பவர்களின் கை சூடேறியிருக்கும், முதல் செட்டில் தயங்கிய இடங்களில் துணிந்து இறங்குவார்கள். ஒரே குழு செவ்வாய் முதல் ஞாயிறு வரை வாசிக்கிற வழக்கம் கிரீனிச் வில்லேஜில் உள்ள வில்லேஜ் வேன்கார்டில் இன்னும் இருக்கிறது. அங்கே செவ்வாய்க்கும் சனிக்கும் உள்ள வேறுபாடு காதுக்கே தெரியும். செவ்வாய் அன்று தாள் பார்த்து வாசித்ததை வியாழனுக்குள் மனப்பாடம் செய்திருப்பார்கள்.

திங்கள்கிழமையை ஒதுக்குவதும் தவறுதான். வார இறுதிதான் சிறந்தது என்று நினைக்கிறவர்கள் வேன்கார்டின் திங்களைத் தவறவிடுகிறார்கள். டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸும் டிரம்மர் மெல் லூயிஸும் சேர்ந்து 1966 பிப்ரவரியில் அங்கே ஒரு பெரிய இசைக்குழுவைத் தொடங்கினார்கள். ஸ்டுடியோக்களிலும் நாடக அரங்குகளிலும் வேலை பார்த்த கலைஞர்களுக்குத் திங்கள் இரவுதான் ஓய்வு. அந்தக் குழு இன்று வேன்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில் அதே திங்கள்களில் வாசிக்கிறது. 123 பேர் உட்காரும் நிலவறை. அதில் பதினாறு பேர் கொண்ட குழு. டிராம்போன் வரிசை ஒன்றாக எழும்பும்போது மேசையில் வைத்த கை அதிரும்.

அடுத்த தவறு, தலைப்பில் உள்ள பெயரை மட்டும் பார்ப்பது. அறிவிப்பின் கீழே சின்ன எழுத்தில் பியானோ, பாஸ் (நின்றபடி வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம், டபுள் பாஸ்), டிரம்ஸ் என்று பக்கவாத்தியக்காரர்கள் பெயர் இருக்கும். ஜாஸில் நாளைய தலைவர்கள் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறார்கள். தெலோனியஸ் மங்க் என்ற பியானோ மேதையிடமிருந்து 1951இல் நியூயார்க் போலீஸ் காபரே அட்டையைப் பறித்தது. மது விற்கும் இடத்தில் வாசிக்க அன்று அந்த அனுமதி அட்டை வேண்டியிருந்தது. ஆறு ஆண்டு கழித்து அட்டை திரும்பக் கிடைத்ததும், 1957 கோடையில் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்தார். பெயர்ப்பலகை மங்குடையது. டெனர் சாக்ஸபோனில் இருந்தவர், சில மாதங்களுக்கு முன் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்த ஜான் கோல்ட்ரேன். அந்த இரவுகளின் நல்ல ஒலிப்பதிவு எதுவும் இல்லை. அந்த நால்வர் குழு அதே ஆண்டு நவம்பரில் கார்னகி ஹாலில் வாசித்த நாடா மட்டும், அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் பல்லாண்டு கிடந்து 2005இல் கண்டெடுக்கப்பட்டது. ஃபைவ் ஸ்பாட்டில் என்ன நடந்தது என்பது அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். எனவே, பட்டியலில் தெரியாத தலைவரின் கீழ் உங்களுக்குப் பிடித்த டிரம்மர் பெயர் இருந்தால் யோசிக்காமல் டிக்கெட் வாங்குங்கள். நல்ல டிரம்மர் மோசமான குழுவில் உட்காருவது அபூர்வம்.

கிளப்பின் பெயரைப் பார்த்து வரலாற்றை ஊகிப்பதும் வேண்டாம். மேற்கு 3ஆம் தெருவில் 1981இல் திறந்த புளூ நோட் கிளப்புக்கும், 1939இல் தொடங்கிய புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் பெயர்தான் பொது. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் 'பேர்ட்' என்ற பட்டப்பெயரை வைத்து 1949இல் பிராட்வேயில் திறந்த பேர்ட்லேண்ட் 1965இல் மூடிவிட்டது. இன்று 44ஆம் தெருவில் இருப்பது பின்னாளில் அதே பெயரில் வந்தது. இரண்டிலும் நல்ல இசை கேட்கலாம். ஆனால் 'பார்க்கர் நின்ற மேடை இதுதானே' என்று கேட்டுப் படம் எடுக்காதீர்கள். இடம் மாறாத பழைய கிளப் வேண்டுமென்றால் வேன்கார்டுதான். மேக்ஸ் கார்டன் அதை 1935இல் தொடங்கினார்.

பணக் கணக்கில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். டிக்கெட் விலை இசைக்கு மட்டும். அதற்கு மேல் 'மினிமம்' உண்டு. ஆளுக்கு ஒரு பானமோ, குறிப்பிட்ட டாலருக்குச் சாப்பாடோ வாங்கியே ஆக வேண்டும். வரியும் டிப்ஸும் அந்த மினிமத்தில் சேராது. டிக்கெட் 40 டாலர், பானம் 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு 120 டாலர் என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். பானத்துக்கு நியூயார்க் விற்பனை வரி 8.875 சதவீதம், 20 சதவீத டிப்ஸ் இரண்டையும் சேர்த்தால் 131 டாலரைத் தாண்டும். முன்பதிவுக் கட்டணம் இருந்தால் அது வேறு. சில கிளப்புகளில் மேசைக்கு ஒரு விலை, பாரில் உட்கார அதைவிடக் குறைந்த விலை. தனியாகப் போகிறவருக்குப் பார்தான் லாபம். டிக்கெட்டைக் கிளப்பின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளங்கள் பல மடங்கு விலை சொல்லும்.

மது அருந்தாதவர்கள் மினிமம் என்றதும் பின்வாங்கத் தேவையில்லை. ஜிஞ்சர் ஏலும் பழச்சாறும் கணக்கில் சேரும். சாப்பாட்டு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். வேன்கார்டில் உணவே கிடையாது. சாப்பாடு கிடைக்கும் இடங்களில்கூட முதல் பாட்டு தொடங்குமுன் ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது. பாலட் என்கிற மெதுவான, மெல்லிய பாட்டு ஓடும்போது பணியாளரைக் கூப்பிட்டு 'சைவத்தில் என்ன இருக்கிறது' என்று விசாரித்தால் அறை முழுவதும் மெனுவைக் கேட்கும். வெளியில் சாப்பிட்டுவிட்டுப் போவதே மேல்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் படிக்கட்டை விசாரிக்காமல் டிக்கெட் போடக் கூடாது. வேன்கார்டும், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மேற்கு 10ஆம் தெருவில் இருக்கும் ஸ்மால்ஸும் நிலவறைகள். செங்குத்தான படி, குறுகலான வழி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு கொலம்பஸ் சர்க்கிளில் ஐந்தாவது மாடியில் உள்ள டிஸ்ஸீஸ் கிளப் பொருத்தம். லிஃப்ட் உண்டு. மேடைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் சென்ட்ரல் பார்க். மாமியாருக்கு இசை பிடிக்காவிட்டாலும் காட்சி பிடிக்கும். குழந்தைகளை அனுமதிப்பதில் கிளப்புக்குக் கிளப் விதி வேறு, அதையும் முன்கூட்டியே பாருங்கள்.

இனி அறைக்குள். எல்லாவற்றிலும் மோசமான தவறு பாஸ் தனியாக வாசிக்கும்போது நடக்கிறது. சாக்ஸபோன் முழங்குகிறது, பியானோ பொழிகிறது, பிறகு திடீரென்று எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள டபுள் பாஸ் மட்டும் விரல் நுனியில் பேசத் தொடங்குகிறது. ஒலி பாதிக்கும் கீழே இறங்கியதும் 'சரி, இடைவேளை' என்று அறை தீர்மானித்துவிடுகிறது. நாற்காலி நகர்கிறது, பில் கேட்கிறார்கள், ஒருவர் நாளைய ரயில் நேரத்தைச் சொல்கிறார். டிசம்பர் சீசனில் மிருதங்கத் தனி தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் சபாவில் எழுந்தவர் வெளியேறிவிடுகிறார். இங்கே அவர் வாசிப்பவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேசுகிறார்.

இதன் விளைவைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, பில் எவன்ஸ் ட்ரையோ, அதாவது மூவர் குழு, வேன்கார்டில் பிற்பகலும் இரவுமாக ஐந்து செட் வாசித்தது. பியானோவில் எவன்ஸ், டிரம்ஸில் பால் மோஷன், பாஸில் ஸ்காட் லஃபாரோ. ரிவர்சைடு நிறுவனம் முழுவதையும் பதிவு செய்தது. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். கண்ணாடிக் கோப்பை உரசுகிறது, யாரோ சிரிக்கிறார், பின்னால் பேச்சு ஒரு முணுமுணுப்பாக ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் பாட்டின் நடுவில் மின்சாரம் போய் ஒலி ஒரு கணம் அறுந்துவிடுகிறது. இவற்றுக்கு நடுவே லஃபாரோ, பாஸ் தாளம் மட்டும் பிடிக்க வேண்டும் என்ற வழக்கத்தை உதறிவிட்டுப் பியானோவோடு சரிசமமாக வாதாடுகிறார். பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று கார் விபத்தில் இறந்தார். வயது 25. அந்தக் கோப்பைச் சத்தத்தை இன்று பலர் 'சூழல்' என்று ரசிக்கிறார்கள். எனக்கு அது ரசனையாகத் தெரியவில்லை. எதிரில் யார் வாசிக்கிறார் என்று தெரியாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள் இசைத்தட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கைதட்டலில் தயக்கம் வேண்டாம், ஆனால் நேரம் தெரிந்து தட்ட வேண்டும். வழக்கமான ஜாஸ் உருப்படி ஒரு மெட்டில் தொடங்கும், அதற்கு 'ஹெட்' என்று பெயர். பிறகு அதே ஸ்வரக் கோர்வைகளின் மேல் ஒவ்வொருவராகக் கற்பனையில் வாசிப்பார்கள். கடைசியில் ஹெட் திரும்பும். பழைய பாட்டுகளில் ஒரு சுற்று பெரும்பாலும் 32 பார் (பார் என்பது தாள அலகு, பெரும்பாலும் நாலு அடி). நடுத்தர வேகத்தில் முக்கால் நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒருவரின் சோலோ முடிந்து அடுத்தவர் எடுக்கும்போது தட்டுவது மரபு. பாலட் என்றால் சில நேரம் யாருமே தட்ட மாட்டார்கள், அறையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். சாக்ஸபோன் நாலு பார், டிரம்ஸ் நாலு பார் என்று மாறி மாறிப் பதில் சொல்லிக்கொள்ளும் கட்டம் வரும். அதன் நடுவில் தட்டினால் அடுத்தவரின் முதல் பார் உங்கள் கைத்தட்டலில் முழுகிவிடும். கூடவே தாளம் போடுவதை அறவே விட்டுவிடுங்கள். எட்டடி தூரத்தில் உங்கள் கை பிசகினால் டிரம்மருக்குத் தொந்தரவு. போனை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. வேன்கார்டில் செட் நடக்கும்போது படமும் பதிவும் கண்டிப்பாகக் கூடாது.

தமிழர்களுக்கே உரிய ஒரு தவறும் இருக்கிறது. பட்டியலில் விஜய் ஐயர் என்ற பெயரைக் கண்டதும் கர்நாடக இசைக் கலவை என்று முடிவுகட்டி, மாமாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போவது. தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயது முதல் மேற்கத்திய வயலின் கற்றார், பியானோவைப் பெரும்பாலும் தானாகவே பழகிக்கொண்டார், யேலில் இயற்பியலும் கணிதமும் படித்தார். 2013இல் மெக்கார்தர் நிதிக்கொடை பெற்றார், அடுத்த ஆண்டு முதல் ஹார்வர்டில் பேராசிரியர். அவருடைய தாளக் கட்டமைப்பில் கர்நாடக லயம் ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் வாசிப்பு மங்க், ஆண்ட்ரூ ஹில் ஆகிய பியானோ கலைஞர்களின் வழியில் வருகிறது. ராகத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் வீண். அவருடைய ட்ரையோவில் யார் டிரம்ஸ் என்று பாருங்கள். மார்கஸ் கில்மோர் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு போங்கள். புகழ்பெற்ற டிரம்மர் ராய் ஹெய்ன்ஸின் பேரன் அவர்.

சாக்ஸபோனோ பியானோவோ கற்கும் பிள்ளைகள் நள்ளிரவு ஜாம் செஷனில், அதாவது வந்தவர்களும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சியில், ஏற ஆசைப்படுவார்கள். ஏறட்டும், ஆனால் முதல் இரவு கேட்க மட்டும் போகட்டும். பாட்டும் அதன் சுருதியும் தெரியாமல் மேடையேறுவதும், இரண்டு சுற்றில் முடிக்க வேண்டியதைப் பத்துச் சுற்றுக்கு இழுப்பதும்தான் அங்கே மன்னிக்கப்படாத குற்றங்கள். 1940களின் தொடக்கத்தில் ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸில் மங்கும் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் கடினமான கோர்வைகளைப் போட்டே தேறாதவர்களை வடிகட்டியதாகச் சொல்வார்கள்.

செட் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். கலைஞர்கள் பெரும்பாலும் பாரின் ஓரத்திலோ படிக்கட்டின் அருகிலோ நிற்பார்கள். செல்ஃபி கேட்பதற்கு முன், இரண்டாவதாக வாசித்தது யாருடைய உருப்படி என்று கேட்டுப் பாருங்கள், நின்று பேசுவார்கள். பலர் தங்கள் சிடியைப் பையில் வைத்திருப்பார்கள். அதற்காகக் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.