எம்டி ஹேண்ட்லரை அக்குவேறாகப் பார்ப்போம்: யார்டுக்குப் புதியவர்களுக்கு

மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளில் காலி கன்டெய்னர்களை மலையாக அடுக்கும் அந்த உயரமான வண்டிதான் எம்டி ஹேண்ட்லர். புதிதாக வருபவர்கள் "எத்தனை டன் தூக்கும்?" என்றுதான் கேட்பார்கள். எத்தனை உயரத்தில் தூக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

1. பாரத்தைக் கணக்கிடுங்கள்

20 அடி காலிப் பெட்டி சுமார் 2.3 டன், 40 அடி ஹை கியூப் (வழக்கத்தைவிட ஒரு அடி உயரமான பெட்டி) சுமார் 3.9 டன். இரண்டு ஹை கியூபைச் சேர்த்துத் தூக்கினால் 8 டன்னை நெருங்கும். எடை காட்டும் திரை உள்ள வண்டியில் ஒற்றை "காலி" பெட்டி 6 டன் காட்டினால், உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது. இறக்கிவிட்டுக் கதவைத் திறந்து பாருங்கள்.

கேபினில் இருக்கும் கொள்ளளவுப் பலகையையும் படியுங்கள்; எந்த உயரத்தில் எத்தனை டன் தூக்கலாம் என்பது அதில்தான் இருக்கும்.

2. ஸ்ப்ரெடர்

இது பெட்டியை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பிடிக்கும். மேல்மூலைகள் இரண்டிலும் ட்விஸ்ட்லாக் (மூலைத் துளையில் நுழைந்து திரும்பிப் பூட்டும் முளை) அல்லது கொக்கி மாட்டும். பெட்டியின் கீழ்ப்பகுதி தாங்கியில் சாய்ந்து நிற்கும். சரியாக உட்கார்ந்தது, பூட்டியது, திறந்தது என்று விளக்குகள் காட்டும். ஒரு மூலை உட்காராவிட்டாலும் லாக் திரும்பக் கூடாது. வேலை தொடங்கும் முன் இதைத் தரையிலேயே சோதியுங்கள். பெட்டி சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கும் சென்சாரை பைபாஸ் செய்து ஓட்டும் யார்டில் வேலைக்குச் சேராமல் இருப்பதே நல்லது.

3. மாஸ்ட், செயின்

மாஸ்ட் என்பது ஸ்ப்ரெடர் ஏறி இறங்கும் தூண். இரண்டடுக்கு மாஸ்டில் சிலிண்டர் உள்மாஸ்டைத் தள்ளும். அதன் உச்சியில் உள்ள உருளை வழியாகச் செயின் ஸ்ப்ரெடரை இழுக்கும். சிலிண்டர் 1 மீட்டர் நகர்ந்தால் ஸ்ப்ரெடர் 2 மீட்டர் ஏறும். அதற்கு விலையாக, சிலிண்டர் பாரத்தைப் போல இரு மடங்கு விசை கொடுக்க வேண்டும். 7 அடுக்கு என்றால் சாதாரணப் பெட்டிகளிலேயே 18 மீட்டர் உயரம். மாஸ்டில் சிறிய தளர்வு இருந்தாலும் உச்சியில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும்.

செயின் தேய்மானத்தை, உருளையின் மேல் அடிக்கடி ஓடும் பகுதியில் அளக்க வேண்டும். புதிதில் 300 மி.மீ. இருந்த நீளம் 309 ஆகிவிட்டால், அதாவது 3% நீண்டுவிட்டால், மாற்றுவது பொது வழக்கம். உங்கள் மேனுவல் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் கணக்கு. ஒரு செயின் மட்டும் நீண்டால் ஸ்ப்ரெடர் ஒரு பக்கம் சாயும்; அப்போதும் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

4. செயல்திறனை அளவெடுங்கள்

ஹைட்ராலிக் எண்ணெய் சூடான பிறகு, காலி ஸ்ப்ரெடரை அடியிலிருந்து உச்சிவரை ஏற்றி ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்து, மேனுவலோடு ஒப்பிடுங்கள். லிஃப்ட், டில்ட் (மாஸ்டைச் சாய்ப்பது), சைடு ஷிஃப்ட் (ஸ்ப்ரெடரைப் பக்கவாட்டில் நகர்த்துவது) எல்லாமே மந்தமென்றால் எண்ணெய் அளவு, ஃபில்டர், பம்ப் என்ற வரிசையில் தேடுங்கள். லிஃப்ட் மட்டும் மந்தமென்றால் அதன் வால்வையும் சிலிண்டரையும் பாருங்கள். காலையில் நன்றாக ஓடி மதியம் சோர்ந்தால், பெரும்பாலும் உள்கசிவு, அதாவது சூட்டில் இளகிய எண்ணெய் பாகங்களுக்கு உள்ளேயே கசிகிறது.

இஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் மற்ற கனரக வண்டிகள் போலத்தான். திருப்பும் சக்கரம் மட்டும் பின்னால் இருக்கிறது. திரும்பும்போது பின்பக்கம் வெளியே வீசும், ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள்.

5. காற்று

40 அடிப் பெட்டியின் பக்கவாட்டுப் பரப்பு ஏறக்குறைய 32 சதுர மீட்டர். மணிக்கு 54 கி.மீ. காற்று அதை 400 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்கு. ஆகவே பெட்டியைத் தாழ்வாக வைத்தே ஓட்டி, அடுக்கின் முன் வண்டியை நிறுத்திய பிறகே உயர்த்துங்கள். முன்னால் பார்வை மறைத்தால் ரிவர்ஸில் போங்கள். சென்னையில் புயல் எச்சரிக்கை வந்தால் ஓரத்து அடுக்குகளைப் படிக்கட்டு மாதிரி இறக்கிவிடும் வேலையை மழை தொடங்கும் முன்பே முடிக்க வேண்டும். மேனுவல் சொல்லும் காற்று வரம்பைத் தாண்டிவிட்டால் அதற்குக்கூட வண்டியை எடுக்க முடியாது.