முதலீடு வளர்ந்தால் செலவைக் கூட்டலாமா? ஓய்வுபெற்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுபெற்று ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். மாதாமாதம் எடுத்துச் செலவழித்தும், கையில் இருக்கும் பங்குகளும் முதலீட்டு நிதிகளும் ஆரம்பித்த இடத்தைவிட மேலே நிற்கின்றன. 2025ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு முதன்முறையாக 4,000 புள்ளிகளைத் தாண்டியதிலிருந்து, ஓய்வில் இருக்கும் நம் ஆட்கள் கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. பணம் வளர்ந்திருக்கிறதே, செலவைக் கூட்டலாமா?

கூட்டலாம். பலர் கூட்டவேண்டும் என்றே சொல்வேன். ஆனால் ஒரு சாரார் ஏறிய பணம் முழுவதையும் போனஸ் போல நினைத்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் எவ்வளவு ஏறினாலும் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடக் கூட்டமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். நம் சமூகத்தில் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகையைத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஈசூனில் கடன் அடைத்த நாலறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஒரு தம்பதி, கணவருக்கு 70, மனைவிக்கு 69 என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்திய சேமநிதியின் (சிபிஎஃப்) ஆயுள்கால மாதத் தொகைத் திட்டமான சிபிஎஃப் லைஃப் மூலம் இருவருக்கும் சேர்த்து மாதம் 2,400 வெள்ளி வருகிறது. 2021 தொடக்கத்தில் முதலீடு 300,000 வெள்ளி. வீட்டுச் செலவு 3,200 வெள்ளி, ஆகவே மாதம் 800 வெள்ளியை முதலீட்டிலிருந்து எடுத்தார்கள். நான்கு வருடம் கழித்து, எடுத்தது போக, 420,000 வெள்ளி இருக்கிறது. இவர்களோ விலை எல்லாம் ஏறியும் அதே 3,200க்குள் இழுத்துப் பிடித்து ஓட்டுகிறார்கள்.

120,000 வெள்ளி லாபம் என்று உடனே சொல்லத் தோன்றும். முதல் தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. சிங்கப்பூரில் விலைவாசி 2022ல் 6.1 விழுக்காடு, 2023ல் 4.8 விழுக்காடு ஏறியது. 2021 முதல் 2024 வரை நான்கு வருடத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 16 விழுக்காடு. அதாவது, பழைய 300,000 வெள்ளி வாங்கியதை இப்போது வாங்க ஏறத்தாழ 350,000 வெள்ளி வேண்டும். ஆக உண்மையில் வளர்ந்தது 70,000 வெள்ளிதான், அதுவும் சந்தை இன்று காட்டும் விலையில். அதை ஒரே வருடத்தில் செலவழித்துவிட்டு அடுத்த வருடம் சந்தை விழுந்தால் இரண்டு பக்கமும் அடி.

அதனால் எவ்வளவு ஏறியது என்பதை விட்டுவிட்டு, இன்று இருக்கும் மொத்தத்தில் வருடத்துக்கு எத்தனை விழுக்காடு எடுக்கிறோம் என்று பாருங்கள். இந்தத் தம்பதி எடுப்பது வருடம் 9,600 வெள்ளி, 420,000ல் அது 2.3 விழுக்காடுகூட இல்லை. எழுபது வயதில் 4 விழுக்காடு எடுப்பதை யாரும் ஊதாரித்தனம் என்று சொல்லமாட்டார்கள். 4 விழுக்காடு என்றால் மாதம் 1,400 வெள்ளி, இப்போது எடுப்பதைவிட 600 வெள்ளி அதிகம். சரி, நாளைக்கே சந்தை விழுந்து முதலீட்டில் 30 விழுக்காடு போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 294,000. அதில் 4 விழுக்காடு, மாதம் 980 வெள்ளி. அதாவது, பெரிய சரிவுக்குப் பிறகும் இவர்கள் இன்று எடுக்கும் 800 வெள்ளியைவிட அதிகமாக எடுக்க முடியும். இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே பாதிப் பயம் போய்விடும், ஆனால் பெரும்பாலானவர்கள் போட்டுப் பார்ப்பதே இல்லை.

4 விழுக்காடு என்ற எண்ணையே தப்பாகப் புரிந்துகொண்டவர்களும் நிறைய. 1994ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்நாட்டுப் பங்கு, கடன்பத்திர விவரங்களை வைத்துப் பார்த்த கணக்கு அது. முதல் வருடம் சுமார் 4 விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப மட்டும் அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், மிக மோசமான நேரத்தில் ஓய்வுபெற்றவருக்குக்கூட 30 வருடம் பணம் தாங்கியது. அந்த மோசமான நேரம் 1960களின் கடைசி. அதற்குப் பின்னால் வந்த பத்துப் பதினைந்து வருடம் பங்குச் சந்தையும் படுத்தது, விலைவாசியும் எகிறியது. மற்ற பெரும்பாலான வருடங்களில் ஓய்வுபெற்றவர்களுக்கு 30 வருடம் முடிந்தும் நிறையப் பணம் மிஞ்சியது. பெங்கனே பின்னாளில் அந்த எண்ணை 4.7 விழுக்காட்டுக்கு உயர்த்திவிட்டார். பெரிய ஆபத்து ஓய்வின் முதல் பத்து வருடத்தில் வரும் சரிவுதான். அந்தக் காலத்தில் பாதியைத் தாண்டி, முதலீடும் வளர்ந்து நிற்கும் ஒருவர், முதல் நாள் போட்ட எண்ணையே கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை.

ஒரேயடியாகக் கூட்டப் பயமாக இருந்தால் படிப்படியாகக் கூட்டலாம். வேன்கார்டு என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் முன்வைக்கும் ஒரு முறை இருக்கிறது. வருடா வருடம் மொத்தத்தில் இத்தனை விழுக்காடு என்று முடிவு செய்த ஒரு பங்கைக் கணக்குப் போடவேண்டும், ஆனால் எடுக்கும் தொகை, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், முந்தைய வருடத்தைவிட 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 2.5 விழுக்காட்டுக்கு மேல் இறங்கவும் கூடாது. எண்களை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போது என்ன செய்வோம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான் இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

அடுத்த தவறு, கூட்டிய செலவைத் திரும்பக் குறைக்க முடியாத இடத்தில் கொண்டுபோய்ப் போடுவது. சந்தை நன்றாக இருக்கும் வருடத்தில் கார் எடுப்பது இதற்குச் சரியான உதாரணம். கார் வைத்திருக்க அரசாங்கத்திடம் வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழுக்கே ஒரு பெரிய தொகை, அப்புறம் சாலை வரி, காப்புறுதி, நிறுத்துமிடம், இஆர்பி சாலைக் கட்டணம் என்று அது பத்து வருடம் தின்றுகொண்டே இருக்கும். ஊரில் இருக்கும் உறவுக்கு மாதம் இவ்வளவு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுப்பதும் இப்படித்தான். அனுப்பக்கூடாது என்று சொல்லவில்லை. மாதாமாதம் என்று ஆரம்பித்துவிட்டால் சந்தை விழும் வருடம் நிறுத்துவது உங்களுக்கும் கஷ்டம், அதை நம்பியிருப்பவருக்கு இன்னும் கஷ்டம். வளர்ந்த பணத்தில் கொடுப்பதை, அந்த வருடத்துக்கு இது என்று மொத்தமாகக் கொடுங்கள். மகள் குடும்பத்தோடு ஒரு பயணம், வீட்டுக் குளியலறையைப் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை என்று மாற்றுவது, நல்ல மெத்தை, முழங்கால் சிகிச்சை, இவையெல்லாம் நல்ல வருடத்தில் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளக்கூடிய செலவுகள்.

ஈவுத்தொகையை (டிவிடெண்ட்) மட்டும்தான் செலவழிப்பேன், முதலைத் தொடமாட்டேன் என்பது நம்மிடம் வேரோடிப்போன பழக்கம். பாட்டன் சொத்தை விற்காதே என்று வளர்ந்தவர்கள், புரிகிறது. ஆனால் ஈவுத்தொகையும் நிலையானது அல்ல. 2020 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம் உள்ளூர் வங்கிகளை ஈவுத்தொகையை 2019ல் கொடுத்ததில் 60 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னது. டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி பங்குகளை ஓய்வூதியம் போல நம்பியிருந்தவர்களின் வருமானம் கொவிட் காலத்திலேயே குறைந்தது, அடுத்த வருடம்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. இன்னொரு பக்கம், பங்கின் விலை இரண்டு மடங்காகியும் ஈவுத்தொகை சிறிதாக இருக்கிறது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு வாழ்பவர்களும் உண்டு. இங்கே தனிநபர்கள் நீண்டகால முதலீடாக வைத்திருந்த பங்கை விற்கும் லாபத்துக்கு வரி கிடையாது. ஏறிய பங்கில் கொஞ்சம் விற்றால் செலவுக்கும் ஆயிற்று, எல்லாப் பணமும் பங்கிலேயே குவிந்து கிடக்கும் ஆபத்தும் குறைந்தது. விற்றதில் இரண்டு வருடத் தேவையைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்திலோ நிரந்தர வைப்பிலோ போட்டுவிட்டால், சரிவு வரும்போது அவசரப்பட்டு விற்கவேண்டிய நிலை வராது. ஆனால் அந்த வட்டியை நம்பிச் செலவைக் கூட்டாதீர்கள். அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன்பத்திரமான ஆறு மாத டி-பில் 2022 டிசம்பரில் 4.4 விழுக்காடு கொடுத்தது, 2025ல் 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இனி சிபிஎஃப் லைஃப். அமெரிக்காவில் எழுதப்படும் ஓய்வுக்கால ஆலோசனையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் வரும் பணம் அது, சந்தை எப்படிப் போனாலும் வரும். சோற்றுக்கும் மின்கட்டணத்துக்கும் அது போதும் என்றால், முதலீட்டுப் பணத்தைச் செலவழிப்பதில் நீங்கள் இன்னும் கொஞ்சம் துணிச்சலாக இருக்கலாம். ஆனால் வழக்கமான திட்டத்தில் அந்தத் தொகை விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதற்கு உத்தரவாதம் இல்லை. இன்று வரும் 1,500 வெள்ளி, விலைவாசி வருடம் 2 விழுக்காடு ஏறினால், இருபது வருடம் கழித்து ஏறத்தாழ 1,000 வெள்ளிக்கு வாங்குவதைத்தான் வாங்கும். வருடம் 2 விழுக்காடு கூடும் திட்டமும் இருக்கிறது, அதில் ஆரம்பத் தொகை குறைவு. வழக்கமான திட்டத்தில் இருப்பவர்கள், முதலீட்டில் வளர்ந்ததில் ஒரு பகுதி அந்த இருபது வருட இடைவெளிக்கு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது நல்லது. சந்தையைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெடுகிறது என்பவர்களுக்கு இன்னொரு வழி: ஏறிய பணத்தில் கொஞ்சம் எடுத்து மத்திய சேமநிதியில் உங்கள் ஓய்வுக்காலக் கணக்கில் நிரப்பினால் மாதத் தொகை ஆயுள் முழுக்க உயரும். 2025ல் அதற்கான உச்சவரம்பு 426,000 வெள்ளி. போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் யோசித்துச் செய்யுங்கள்.

எஸ்ஆர்எஸ் (வரிச் சலுகையுள்ள, விரும்பிச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க: வரிக்காகப் பத்து வருடத்தில் பிரித்து எடுக்கிறீர்கள் என்பதற்காக எடுத்ததையெல்லாம் செலவழிக்கவேண்டியதில்லை. அதைச் சாதாரண முதலீட்டுக் கணக்குக்கு மாற்றினால் போதும்.

இப்போது செலவே செய்யாத பக்கம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வாழ்நாள் முழுக்கக் கப்பல் பட்டறையில் உழைத்தவர். எப்போது பார்த்தாலும் கைப்பேசியை நீட்டித் தன் பங்குக் கணக்கைக் காட்டுவார், அரை மில்லியனுக்குப் பக்கத்தில் இருக்கும். அவருக்கு இரண்டு காதும் மந்தம். தொலைக்காட்சி சத்தம் லிஃப்ட் வாசல்வரை கேட்கும். பேத்தி பள்ளிக்கூடக் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் பாதி கேட்காமலே சிரித்துத் தலையாட்டுவார், குழந்தை கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடும். காது கேட்கும் கருவி வாங்குங்கள் என்றால், அது சில ஆயிரம் வெள்ளி ஆகுமே ஐயா, ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன பண்றது என்பார். அந்தப் பங்குக் கணக்கு ஒரு நல்ல வாரத்தில் ஏறுவதே அந்தக் கருவியின் விலைக்கு மேல் இருக்கும். எனக்கு இதைப் பார்க்க மனம் தாங்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிப் பயம் நியாயமானதுதான். ஆனால் பயத்துக்கு ஓர் எண் கொடுங்கள். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி பெரிய மருத்துவமனைக் கட்டணங்களைத் தாங்குகிறது, மருத்துவச் சேமிப்பான மெடிசேவில் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். உண்மையில் கையைக் கடிப்பது படுத்த படுக்கையாகிவிட்டால் வருடக்கணக்கில் ஆகும் பராமரிப்பு: பணிப்பெண், தாதிமை இல்லம், அணையாடை. நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃபிலோ எல்டர்ஷீல்டிலோ இருந்தால் அதன் மாதத் தொகை ஒரு பகுதிக்கு உதவும், மிச்சத்துக்கு ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள், அதைத் தொடாதீர்கள். அப்படி ஒதுக்கிய பிறகு மீதிப் பணத்தை ஆஸ்பத்திரியைச் சொல்லிப் பூட்டி வைக்கக் காரணம் இல்லை. 65 வயதில் இருப்பவர்களில் பாதிப் பேர் 85ஐத் தாண்டுவார்கள் என்பது மத்திய சேமநிதிக் கழகமே சொல்லும் கணக்கு, ஆகவே நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் காசிக்கோ இராமேஸ்வரத்துக்கோ நடந்து படியேறிப் போகும் உடம்பு 72ல் இருப்பதுபோல 84ல் இருக்குமா?

கடைசியாகப் பிள்ளைகள். எனக்கு எதற்கு, எல்லாம் பிள்ளைகளுக்கு என்பவர்கள், கொடுக்கும் நேரத்தை யோசிப்பதில்லை. நீங்கள் 90 வரை இருந்தால் உங்கள் மகனுக்கு அப்போது அறுபது ஆகியிருக்கும். அவனுக்குப் பணம் தேவைப்படுவது 35ல், வீட்டுக்கு முன்பணம் கட்டும்போதும் குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்க்கும்போதும். வளர்ந்த பணத்தில் ஒரு பங்கை இப்போதே கொடுப்பதும் செலவைக் கூட்டுவதுதான், நல்ல விதமாகக் கூட்டுவது. மீதியை விட்டுச்செல்ல நினைத்தால், இங்கே 2008 பிப்ரவரியிலிருந்து சொத்துக்கு மரண வரி கிடையாது, முதலீட்டுக் கணக்கை உயிலில் எழுதிவிடலாம். மத்திய சேமநிதிப் பணம் மட்டும் உயிலில் வராது. சிபிஎஃப் லைஃபுக்குக் கட்டியதில் மிஞ்சும் பணம் உட்பட அதற்குத் தனியாக நியமனம் செய்யவேண்டும். கல்யாணத்துக்கு முன் செய்த நியமனம் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், முப்பது வருடம் முன்னால் ஏதோ கையெழுத்துப் போட்டேன் என்று நம்பியிருப்பவர்கள் அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளமான சிங்பாஸில் நுழைந்து ஒருதடவை சரிபார்த்துவிடுங்கள்.