பனியாற்றில் முதல் முகாம்: கூடாரம் முதல் பனிக்குழி வரை

மேற்கு அண்டார்க்டிகாவின் த்வைட்ஸ் பனியாறு கிட்டத்தட்ட பிரிட்டன் அளவு பெரியது. சறுக்குக் கட்டை பூட்டிய ட்வின் ஆட்டர் விமானம் உங்களை இறக்கிவிட்டுப் போனதும் பெட்டியைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பனியின் மேல் அது செதுக்கிய வரிகளே காட்டிக்கொடுக்கும். அப்புறம் செய்வதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

படி 1: கூடாரம்

பனிப்பிளவு இல்லையென்று ரேடாரில் பார்த்துக் கொடி நட்ட எல்லைக்குள்ளேயே நடமாடுங்கள். கூடாரங்கள் காற்றுக்குக் குறுக்கே ஒரே வரிசையில் இருக்கட்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால், முன்னதன் மறைவில் குவியும் பனி பின்னதை மூடிவிடும். பிரமிடு கூடாரத்தின் வாசல் காற்று வீசிப்போகும் திசையைப் பார்க்க வேண்டும். அடியில் விரிந்திருக்கும் துணி ஓரத்தின் மேல் பனியை அள்ளிப்போட்டு நன்றாக மிதியுங்கள். மண்வாரி ஒன்று உள்ளேயே இருக்கட்டும். காலையில் வாசல் மூடிக் கிடக்கலாம்.

படி 2: தண்ணீர், அடுப்பு

குடிக்க உருக்கும் பனியைக் காற்று வரும் பக்கத்தில் எடுங்கள். சிறுநீர் கழிக்கும் இடம் காற்று போகும் பக்கத்தில், தனிக் கொடியுடன். இதை மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

வெறும் பனியைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பு மூட்டாதீர்கள். அடியில் உருகும் நீரை மேலே உள்ள பனி உறிஞ்சிக்கொள்ளும். பாத்திரம் தீய்ந்து தண்ணீர் முழுக்கத் தீய்ந்த வாடை அடிக்கும். கொஞ்சம் தண்ணீரைச் சுடவைத்து, அதில் பனியைப் பிடிபிடியாகப் போடுங்கள். கூடாரத்தின் காற்றுத்துளை திறந்தே இருக்கட்டும். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் பாட்டில், பேட்டரி, நாளைய சாக்ஸ் எல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள். சிறுநீர் பாட்டில் மட்டும் வேறு வடிவத்தில் இருப்பது நல்லது. தூக்கக் கலக்கத்தில் கைக்கே வித்தியாசம் தெரிய வேண்டும்.

படி 3: பனிக்குழி

இதற்குத்தானே வந்தோம். பனியாற்றின் உயரம் எவ்வளவு குறைந்தது என்பதைச் செயற்கைக்கோள் அளந்துவிடும். பனி போனதால் குறைந்ததா, வெறுமனே அமுங்கியதா என்று சொல்ல அடர்த்தி தெரிய வேண்டும்.

முகாமிலிருந்து காற்று வரும் பக்கமாக, ஸ்னோமொபைல் புகை எட்டாத தூரத்தில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டுங்கள். இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். அதனால் நிழலில் இருக்கும் வடக்குச் சுவரில்தான் அளவெடுப்பு. அளவெடுத்து முடிக்கும்வரை அந்தப் பக்கம் யாரும் மிதிக்கக் கூடாது, தோண்டிய பனியையும் கொட்டக் கூடாது.

சுவரைச் சீவியதும் முதலில் வெப்பநிலை, 10 செ.மீ.க்கு ஒன்று. தாமதித்தால் வெளிக்காற்றின் அளவுதான் கிடைக்கும். அடுத்து, 100 கன செ.மீ. வெட்டுப்பெட்டியைச் சுவரில் செருகி, வெளியே ஒட்டியதைத் துடைத்துவிட்டு நிறுங்கள். பனி மட்டும் 35 கிராம் என்றால் அடர்த்தி கன மீட்டருக்கு 350 கிலோ. காற்றில்லாத கெட்டிப் பனிக்கட்டிக்கு இது 917.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதி. சுவருக்குப் பின்னால் இன்னொரு குழி வெட்டி, நடுவே மெல்லிய தடுப்பை மட்டும் விடுங்கள். உங்கள் குழியைப் பலகையால் மூடி உள்ளே உட்காருங்கள். எதிர்க்குழியின் வெயில் நீல நிறமாகக் கசிந்து வந்து அடுக்குகளைக் காட்டும். கரடுமுரடான தளர்ந்த அடுக்கு பெரும்பாலும் கோடையின் கடைசியைச் சேர்ந்தது. நுண்ணிய கெட்டி அடுக்கு குளிர்காலப் பனி. நேரமிருந்தால் செய்யலாம் என்பார்கள். என்னைக் கேட்டால் நேரம் ஒதுக்கியே செய்யுங்கள்.

படி 4: கிளம்பும் முன்

குறிப்புகளைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை உறைந்துவிடும். குழிகளை மூடிக் கொடி நடுங்கள். குப்பையை விட்டுவிட்டு வர முடியாது; அண்டார்க்டிகச் சுற்றுச்சூழலைக் காக்கும் 1991 மாட்ரிட் உடன்படிக்கை அப்படி. குறித்த நேரத்தில் ரேடியோவில் ஆராய்ச்சி நிலையத்தைக் கூப்பிடுங்கள். மறந்து தூங்கிப்போனால், அங்கே உங்களைத் தேடும் ஏற்பாடு தொடங்கிவிடும்.