வெயிலில் இசைத்தட்டு நெளியாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

போன மே மாதம் ஒரு மதியம், பழைய எல்பி ரெக்கார்டு நான்கு வாங்கி, காரில் பின்சீட்டுக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி இருக்குமே அந்தத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். முக்கால் மணி நேரம்தான். திரும்பி வந்து உறையைத் தொட்டால் சுடுகிறது, உள்ளே இருந்ததை உருவினால் ஓரம் முழுக்க, கல்லில் தோசை ஓரம் எழும்புகிற மாதிரி, மேலும் கீழுமாக நெளிந்து நிற்கிறது. மேலே இருந்த இரண்டும் போச்சு, அடியில் இருந்த இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே கார், அதே நேரம். நேர் வெயில் பட்டதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ரெக்கார்டு சேர்க்க ஆரம்பித்திருப்பவர்கள் கத்திரி வெயில் வருவதற்குள் இதையெல்லாம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில், கையில் இருப்பது எது என்று பாருங்கள்

எல்பி என்பது வினைல், அதாவது பிவிசி. பிளம்பர் பிவிசி பைப்பைத் தீயில் லேசாகக் காட்டி வளைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே குணம்தான் இதற்கும். 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளக ஆரம்பிக்கும். மேலே ஏதாவது பாரம் இருந்தாலோ, சாய்ந்து நின்றாலோ, அதற்கு முன்பே மெதுவாக வளையும். சென்னையில் இதுவரை பதிவான உச்சமே 45 டிகிரிதான், 2003 மே கடைசியில். ஆக, ஊர் வெயில் மட்டும் தட்டை நெளிக்காது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய கார் சுலபமாக 60-ஐத் தாண்டும், அதிலும் தட்டு கறுப்பு வேறு.

தாத்தா காலத்து 78 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவது, அரக்கில் செய்தது, கூடவே கல் பொடியும் கலந்திருக்கும். முத்திரை வைக்கிற அரக்கு சூட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், அழுக்கு போக ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்.

சிடி வேறு கதை. பாலிகார்பனேட் இளக 150 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும், காரில் கிடந்தாலும் அது வளையாது. ஆனால் நாமே பாட்டு ஏற்றிய சிடியில் பாட்டு பதிவது ஒரு சாயப் படலத்தில், அதை வெயிலின் வெளிச்சமும் சூடும் சேர்ந்து கெடுத்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும், போட்டால் ஓடாது.

2. வீட்டில் சூடான இடம் எது?

நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கி, மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். மேல்மாடி வீடு என்றால் பரண்தான் முதல் எதிரி. மொட்டை மாடித் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி வரை அங்கேதான் இறக்கும். மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரி, ஆம்ப்ளிஃபயரின் தலை, ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு எல்லாம் வேண்டாம்.

ஜன்னல் விஷயத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். சென்னையில் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிட்டு, அப்புறம் ஆகஸ்ட் வரை மதிய நேரத்தில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் போகும். மார்கழியில் வெயிலே எட்டிப் பார்க்காத வடக்கு ஜன்னலில் மே மாதம் வெயில் விழும். டிசம்பரில் பார்த்து இடம் முடிவு செய்தவர்கள் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

3. நிற்க வையுங்கள்

படுக்க வைத்து அடுக்கக் கூடாது, சாய்த்தும் வைக்கக் கூடாது. புத்தகம் மாதிரி நேராக, ஒன்றை உருவினால் பக்கத்தில் இருப்பது கூடவே வராத அளவுக்கு நெருக்கமாக. நூறு தட்டு உறையோடு சேர்ந்து 25 கிலோவை நெருங்கும், அதைத் தாங்கும் அலமாரியாகப் பாருங்கள். புதுத் தட்டுமேல் இறுக்கமாக ஒட்டி வரும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், சூட்டில் அது இன்னும் சுருங்கி அட்டையோடு தட்டையும் சேர்த்து இழுக்கும்.

4. கொண்டுவரும்போது

கடையிலிருந்து நேராக வீட்டுக்கு. வழியில் இறங்கினால் பையையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள், ஹோட்டலில் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கூரியரில் வந்தால் வந்த சூட்டோடு போட்டுக் கேட்க வேண்டாம், ஒரு மணி நேரம் ஆறட்டும். சூடான தட்டில் முள் ஓடினால் பாட்டு பதிந்திருக்கும் கோடு தேயும்.

5. நெளிந்ததா என்று பார்ப்பது

பிளேயரில் சுற்றவிட்டு, கண்ணைத் தட்டின் மட்டத்துக்கு இறக்கி, முள் இருக்கும் கையைப் பாருங்கள். லேசாக ஏறி இறங்கினால் கவலை இல்லை, பெரும்பாலான தட்டு அப்படித்தான். முள் குதித்தாலோ சுருதி அலைந்தாலோதான் பிரச்சினை.

6. நெளிந்ததை நிமிர்த்துவது

அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், ஓவன் எதுவும் வேண்டாம். தட்டைவிடப் பெரிதாக, 6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கண்ணாடி வெட்டி வாங்குங்கள். தட்டைக் கழுவி நன்றாகக் காயவைத்து, தூசி இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் வைத்து, மேலே நான்கைந்து கிலோ பாரம் ஏற்றி, அறைச் சூட்டிலேயே இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். அவசரப்படுகிறவர்கள் கண்ணாடியோடு காலை வெயிலில் பத்து நிமிடம் காட்டுகிறார்கள், நானும் காட்டினேன். மேல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிறதா என்று நடுநடுவே பாருங்கள், சுட்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ப் பாரத்தோடேயே சாயங்காலம் வரை ஆறவிடுங்கள். முதலில் போனால் போகட்டும் என்கிற தட்டில் செய்து பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சூடு கூடினால் தட்டு நிமிரும், கோடு மழுங்கிவிடும்.

என் இரண்டில் ஒன்று மூன்று தடவை செய்த பிறகு ஓரளவு சரியானது. இன்னொன்றுக்கு ஓரத்தில் இன்னும் நெளிவு இருக்கிறது, முதல் பாட்டு வரும் இடத்தில் முள் குதிக்கிறது, அதனால் அதை இரண்டாவது பாட்டிலிருந்துதான் போடுகிறேன்.