ஆக்சிஜனைக் கடைசியில் தொடுங்கள்
எரிதல் சமன்பாட்டைச் சமன்செய்வது, அதாவது இருபுறமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களையும் சமமாக்குவது என்றால் முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், கடைசியில்தான் ஆக்சிஜன். இடப்பக்கம் ஆக்சிஜன் தனித்து நிற்கிறது; தனித்து நிற்கும் தனிமத்தின் முன்னுள்ள எண்ணை மாற்றினால் மற்றவற்றின் கணக்கு கலையாது.

சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேனைப் பாருங்கள்: 4 கார்பன், 10 ஹைட்ரஜன். வலப்பக்கம் கார்பன் டை ஆக்சைடுக்கு 4, நீருக்கு 5 போட்டால் ஆக்சிஜன் அணுக்கள் 8 + 5 = 13. ஆக்சிஜன் இரண்டிரண்டாக வருவதால் இடப்பக்கம் ஆறரை மூலக்கூறு வேண்டும். பலர் இங்கேதான் பயந்துபோய் அழித்துவிடுகிறார்கள், தேவையே இல்லை. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள்: 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர். இருபுறமும் ஆக்சிஜன் 26 வருகிறதா என்று எண்ணிவிடுங்கள்.

வாய்பாட்டின் கீழே உள்ள சிறு எண்ணில் மட்டும் கை வைக்கக் கூடாது. நீரில் ஆக்சிஜனுக்கு 2 போட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, பொருளே மாறிவிடும்.